முந்த்ரா விவகாரம்: வாய்மொழி உத்தரவைத் துரத்திய எம்.பி.

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

மக்களவைக் கேள்வி நேரத்தை விடாமல் பார்க்கிறவன் நான். அமைச்சர் எழுந்து "தகவல்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன" என்பார். கேட்டவரும் உட்கார்ந்துவிடுவார். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் 1957 டிசம்பர் 16 நினைவுக்கு வரும். அன்று உட்கார மறுத்தவரைப் பற்றித்தான் இந்த இழை.

பெயர் பெரோஸ் காந்தி. ரேபரேலி உறுப்பினர், ஆளும் காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன். இவ்வளவு இருந்தும் அவர் அன்று குறிவைத்தது தன் கட்சியின் நிதியமைச்சரை. அந்த நிதியமைச்சர் நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி.

விஷயம் இதுதான். 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. 245 நிறுவனங்களை ஒன்றாக்கி, அரசு 5 கோடி ரூபாய் மூலதனம் போட்டு உண்டாக்கிய அமைப்பு. பிறந்து பத்து மாதம்கூட ஆகவில்லை, 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ், ஜெசப், ஆஸ்லர் லேம்ப்ஸ், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஏஞ்சலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன். சந்தையில் இருந்த விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார்கள். முந்த்ரா அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். சந்தை வட்டாரத்தில் அவர் பெயர் ஏற்கெனவே கெட்டிருந்தது. எல்.ஐ.சி.க்கென்று ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அதனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் அவையில் வந்த பதில்களெல்லாம் வழவழவென்று இருந்தன. பெரோஸ் விடவில்லை. என்ன விலைக்கு வாங்கினீர்கள், அன்றைக்குச் சந்தையில் விலை என்ன, ஒப்புதல் கொடுத்தது யார் என்று பிடித்தார். நாடாளுமன்றம் உண்டாக்கிய ஒரு பெரிய நிதி நிறுவனத்தை நாடாளுமன்றமே கண்காணிக்காவிட்டால் வேறு யார் கண்காணிப்பது என்பதுதான் அவர் வாதம். 1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. பிப்ரவரியில் அறிக்கை வந்தது. அந்த மாதமே டி.டி.கே. பதவி விலகினார்.

எல்லாரும் இதை "சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது வேறு. ஒன்றேகால் கோடி ரூபாயை எடுத்துக் கொடுக்கச் சொல்லி அமைச்சரிடமிருந்தோ அமைச்சகத்திடமிருந்தோ ஒரு துண்டுக் காகிதம்கூட எல்.ஐ.சி.க்குப் போகவில்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. அந்தக் காகிதம் இல்லை என்பதைத்தான் பெரோஸ் கண்டுபிடித்தார் என்று நான் நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

--------

கோப்புக்காரர் (ஓய்வு):

தம்பி, நீங்கள் சரியான நரம்பைத் தொட்டிருக்கிறீர்கள். முப்பத்து நான்கு வருஷம் அலுவலகத்தில் கோப்போடு கோப்பாகக் கிடந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

எந்தத் துறை, எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு பணம் விடுவிக்க வேண்டிய கோப்பு. விதிப்படி அது அன்றைக்குப் போக முடியாது. சாயங்காலம் நாலரை மணிக்கு இன்டர்காமில் கூப்பிட்டார்கள். "போட்டு அனுப்பிடுங்க, மேலே பேசியாச்சு." சரி என்று சொல்லிவிட்டு நோட் ஷீட்டில் பச்சை மை அதிகாரிக்குக் கீழே என் நீல மையில், "அலுவலரின் வாய்மொழி உத்தரவின்படி சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதி, மணியையும் போட்டு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கோப்பு திரும்பி வந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்னச் சுழி. வேறெதுவும் இல்லை. அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாளில் எழுதி அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். பென்சில் என்றால் அழித்துவிடலாம் பாருங்கள்.

நான் தாளை மாற்றவில்லை. அதற்காகப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, இரண்டு வருஷம் கழித்து வேறு ஊருக்கு மாற்றல் வந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பணமும் அன்றைக்குப் போகவில்லை. உத்தரவு எழுத்தில் வந்தால்தான் செய்வேன் என்று ஒருவர் சொன்னாலே பாதி உத்தரவுகள் வராமலே போய்விடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

--------

தென்சென்னை வாசகன்:

இழை நன்றாக இருக்கிறது, ஆனால் டி.டி.கே. பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். அவர் ஒரு பைசா வாங்கினார் என்று எந்த ஆணையமும் சொல்லவில்லை. பதவி விலகலை ஏற்ற நேருவே, இந்த விஷயத்தில் உங்கள் பங்கு மிகச் சிறியது, நடந்ததில் பல உங்களுக்குத் தெரியவே தெரியாது என்றுதான் எழுதினார். 1957-ல் செல்வ வரி, செலவு வரி இரண்டையும் கொண்டுவந்தவர் அவர். பணக்காரர்கள் அவர்மேல் கொலைவெறியில் இருந்த நேரம் அது. அப்படிப்பட்டவர் ஒரு முந்த்ராவுக்குப் பரிந்துகொண்டு போவாரா?

பேச்சுவார்த்தை நடத்தியது நிதித்துறை முதன்மைச் செயலர் எச்.எம்.படேல். கல்கத்தா பங்குச் சந்தை சரியக் கூடாது என்ற கவலையில் செய்தோம் என்று அவர்கள் விளக்கமும் கொடுத்தார்கள். அதிகாரி செய்ததற்கு அமைச்சர் தலையை ஏன் வாங்க வேண்டும்? நம்மூர்க்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை. நியாயமாகக் கேட்கிறேன்.

--------

வைகைக்கரை:

வாசகன் சார், நீங்கள் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி. அவர் பணம் வாங்கினார் என்று நானும் சொல்ல மாட்டேன். சாக்ளா ஆணையத்தின் முன்னாலும் இதே கேள்விதான் நின்றது. டி.டி.கே. சாட்சியம் சொன்னபோது, முடிவெடுத்தது செயலர், நான் இப்படிச் செய்யச் சொல்லவில்லை என்ற தொனியில்தான் சொன்னார். சாக்ளா அதை ஏற்கவில்லை. செயலர் செய்ததற்கு அமைச்சர்தான் அரசியல் சட்டப்படி பொறுப்பு, செயலரின் முதுகுக்குப் பின்னால் அமைச்சர் நின்றுகொள்ள முடியாது என்று எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். அதிகாரியை அவையில் நிறுத்திக் கேள்வி கேட்க ஓர் உறுப்பினரால் முடியாது. அவர் கேட்கக்கூடிய ஒரே ஆள் அமைச்சர். அந்த அமைச்சரும் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், பாலிசி எடுத்தவனுக்காகக் கேட்க நாடாளுமன்றத்தில் எந்த வழியும் இல்லை என்று ஆகிவிடும். டி.டி.கே. கெட்டவர் என்பதற்காக அவர் போகவில்லை. அந்த நாற்காலிக்கு அப்படி ஒரு விலை உண்டு, அதைக் கொடுத்தார்.

சந்தையைத் தூக்கி நிறுத்தத்தான் வாங்கினோம் என்ற விளக்கமும் ஆணையத்தில் நிற்கவில்லை. சந்தையைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் ஒரே மனிதரின் ஆறு கம்பெனிகளில் மட்டும் ஏன் வாங்க வேண்டும்?

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விசாரணை பம்பாயில் திறந்த மன்றத்தில் நடந்தது. உள்ளே இடம் போதாமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். நிதியமைச்சரும் நிதிச் செயலரும் சாட்சிக் கூண்டில் என்ன சொல்கிறார்கள் என்பதைத் தெருவில் நின்றவர்கள் கேட்டார்கள். இன்றைக்கு ஒரு நிதி விவகாரம் என்றால் முதலில் வருவது நீதிபதி மட்டும் பார்க்கும் மூடிய உறைதான்.

--------

பாலிசி மாமா:

நான் 31 வருஷம் எல்.ஐ.சி. ஏஜென்ட். ஊர் ஊராக சைக்கிளில் போய்ப் பிடித்த பாலிசிகள். அதனால் இந்த ஒன்றேகால் கோடி எனக்கு வெறும் எண் இல்லை.

ஒரு பருத்தி ஆலைத் தொழிலாளி வீடு. காலாண்டு பிரீமியம். போனஸ் வராத வருஷத்தில் அந்த அம்மா மளிகைக் கடைப் பாக்கியை நிறுத்திவைத்துவிட்டுப் பிரீமியம் கட்டினார். பாலிசிப் பத்திரத்தை எடுத்துக் காட்டச் சொன்னேன். பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, ரசீதுகளை எல்லாம் தேதி வரிசையில் ஊசி நூலால் தைத்து வைத்திருந்தார். பதினான்கு வருஷ ரசீது. ஒன்றுகூடக் குறையவில்லை. அவர் கணவர் இறந்தபோது அந்தக் கட்டைத்தான் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கிளெய்ம் சுணங்காமல் வந்தது.

அந்த அம்மா ஆறு ரூபாய்க்கும் ஏழு ரூபாய்க்கும் ரசீது தைத்து வைத்திருக்கிறார். அவர் பணத்தை எடுத்து ஒருவருக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தவர்கள் ஒரு கடிதத்தைக்கூடக் கோப்பில் வைக்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் மனசு கொதிக்கிறது. எல்.ஐ.சி. பணம் பாலிசிதாரர் நன்மைக்குத்தான், வேறு எந்தக் காரியத்துக்கும் இல்லை என்று சாக்ளா எழுதியது ஒவ்வொரு கிளை அலுவலகச் சுவரிலும் இருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எல்.ஐ.சி. மேல் எனக்குக் குறை இல்லை. அது என் சோறு. அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

--------

சட்டக்கல்லூரி நிலா:

மாமா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சட்டப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சேர்க்கிறேன். எல்.ஐ.சி. சட்டத்தில் 21-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசு எல்.ஐ.சி.க்கு உத்தரவு கொடுக்கலாம், ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. கோப்புக்காரர் ஐயா பச்சை மை, நீல மை என்று சொன்னதற்கெல்லாம் சட்டத்தில் இருக்கும் பெயர் இதுதான். முந்த்ரா பங்கு வாங்கியதில் இந்தப் பிரிவு மீறப்பட்டது. தன்னாட்சி அமைப்புகளின் வேலையில் அரசு தலையிடக் கூடாது, தலையிட்டே ஆக வேண்டும் என்றால் எழுத்தில் உத்தரவு கொடுக்கிற பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்று சாக்ளா சொன்னது இதை வைத்துத்தான்.

37-ஆவது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாலிசித் தொகைக்கும் அறிவித்த போனசுக்கும் மத்திய அரசே உத்தரவாதம். அதாவது எல்.ஐ.சி. பணத்தை யாராவது வாரி இறைத்தால் கடைசியில் அரசு கஜானாதான் நிற்க வேண்டும். பாலிசி எடுக்காதவருக்கும் இதில் கேட்க உரிமை உண்டு.

இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. ஓர் உறுப்பினர் அவைக்குள் பேசினால் அவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அதைப் பத்திரிகை அச்சிட்டால்? 1956 வரை பத்திரிகைக்கு அந்தப் பாதுகாப்பு சட்டமாக இல்லை. அதைக் கொண்டுவந்தவரும் பெரோஸ் காந்திதான், தனிநபர் மசோதாவாக. அவை நடவடிக்கையைத் தீய நோக்கமில்லாமல், பெருமளவு உண்மையாக வெளியிட்டால் வழக்குப் போட முடியாது. முந்த்ரா விவாதம் ஊரெல்லாம் பரவியதற்கு அதற்கு முந்தின வருஷம் வந்த இந்தச் சட்டம் எவ்வளவு துணையாக இருந்திருக்கும்! நெருக்கடி நிலையின்போது இது நீக்கப்பட்டது. 1977-ல் ஜனதா ஆட்சி திரும்பக் கொண்டுவந்தது. அப்புறம் 44-ஆவது திருத்தத்தில் 361ஏ என்று அரசியல் சட்டத்திலேயே ஏறி, சட்டமன்றங்களுக்கும் பொருந்துகிற மாதிரி ஆனது.

நீக்கிய அரசின் பிரதமர் அவர் மனைவி இந்திரா காந்தி என்பதைப் படித்தபோது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

--------

கம்பம் கதிர்:

ஒரு சந்தேகம். பெரோஸுக்கு இதெல்லாம் எப்படிப் பிடிபட்டது? பொருளாதாரம் படித்தவரா? ஆளுங்கட்சி எம்.பி. என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதானே வழக்கம்?

--------

வைகைக்கரை:

கதிர், முந்த்ரா அவருடைய முதல் வேட்டை இல்லை. 1955 டிசம்பரில் ராமகிருஷ்ண டால்மியாவின் பாரத் இன்சூரன்ஸ் பற்றி அவையில் பேசினார். காப்பீட்டுக்காகக் கட்டின பணத்தை எடுத்து வேறு கம்பெனிகளைப் பிடிக்கப் பயன்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. டால்மியா பிறகு வழக்கில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். அந்தப் பேச்சுக்கு அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19-ல், ஆயுள் காப்பீட்டை அரசு கையில் எடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. தனியார் கையிலிருந்து பறித்து அரசிடம் கொடுத்தோமே, அரசு கையிலும் அதே கதையா என்ற ஆத்திரம் அவருக்கு 1957-ல் இருந்திருக்கும். நான் அவர் இடத்தில் இருந்தால் எனக்கு இருந்திருக்கும்.

அவர் பத்திரிகை நிர்வாகத்தில் இருந்தவர், பொருளாதாரப் பேராசிரியர் இல்லை. வாங்கின விலையையும் சந்தை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பதற்குப் பட்டம் வேண்டாம், பொறுமை வேண்டும். இப்போதைய உறுப்பினர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடா உத்தரவு எல்லாம் வந்தபின் ஆளுங்கட்சி உறுப்பினருக்குப் பயம் கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் கேள்வி கேட்பதற்குக் கொறடா தடை போட முடியாது, அது வாக்களிப்புக்குத்தான். பயம் சட்டத்தில் இல்லை, அடுத்த தேர்தல் சீட்டில் இருக்கிறது.

1960 செப்டம்பர் 8-ல் மாரடைப்பில் போய்விட்டார். 48 வயது முடியவில்லை.

--------

செல்வி, கரூர்:

எனக்கு 1957 தெரியாது. 1990-களின் நடுவில் எங்கள் அம்மா ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்ட பணம் தெரியும். பெயர் சொல்ல விரும்பவில்லை. அப்பா ஓய்வுபெற்று வந்த பணத்தில் பாதி. வங்கியைவிட வட்டி அதிகம், மாசா மாசம் கையில் வரும் என்று சொன்னார்கள். எட்டு மாசம் வந்தது. ஒன்பதாவது மாசம் போனால் ஷட்டரில் பூட்டு, வெளியே நூறு பேர்.

அதற்கப்புறம் அம்மாவும் நானும் அலைந்தோம். காவல் நிலையத்தில் இது சிவில் விஷயம் என்றார்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் வரம்பில் வராது, இன்னொரு இடத்தில் கேளுங்கள் என்றார்கள். அந்த இன்னொரு இடம் எங்களைத் திரும்ப முதல் இடத்துக்கே அனுப்பியது. அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "இவங்களைக் கடை திறக்க விட்டது யாரு?" அதற்கு யாரும் பதில் சொல்லவே இல்லை.

1997-ல்தான் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. அதே வருஷம் ரிசர்வ் வங்கிச் சட்டத்தையும் திருத்தி, நிதி நிறுவனங்கள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல சட்டங்கள்தான். 2011-ல் உச்ச நீதிமன்றமும் நம் மாநிலச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் எங்களுக்கு அது காலம் கடந்து வந்தது. அந்தக் கம்பெனிகள் பேப்பரில் முழுப்பக்கம் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ ஒருவர் எழுந்து அம்மாவின் அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை உட்காராமல் இருந்திருந்தால்... இதைத்தான் சொல்ல வந்தேன்.

--------

தென்சென்னை வாசகன்:

செல்வி அம்மா, உங்கள் அம்மாவின் கேள்விக்கு நானும் பதில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்றிரவு முழுக்க இதை யோசித்தேன். டி.டி.கே.மேல் எனக்கு இருந்த மதிப்பு குறையவில்லை. 1963-ல் திரும்ப நிதியமைச்சர் ஆனார், அடுத்த வருஷம் யூனிட் டிரஸ்ட் வந்தது. சின்னச் சேமிப்புக்காரர்களும் பங்குச் சந்தையின் பலனைப் பார்க்கட்டும் என்ற எண்ணம். என் தாத்தா அதன் யு.எஸ்.64 என்ற திட்டத்தில் யூனிட் வைத்திருந்தார்.

ஆனால் அதே யு.எஸ்.64-ஐ 2001 ஜூலையில் திடீரென்று விற்க முடியாமல் வாங்க முடியாமல் நிறுத்தினார்களே, அப்போதும் கதை என்ன? சிறுசேமிப்புப் பணம் எந்தப் பங்கில் போனது, யார் முடிவெடுத்தது என்று கூட்டு நாடாளுமன்றக் குழு உட்கார்ந்து தோண்ட வேண்டி வந்தது. டி.டி.கே. உண்டாக்கிய நிறுவனத்திலேயே டி.டி.கே. பதவியை வாங்கிய அதே கேள்வி. இதைப் பார்த்தபின் வைகைக்கரை சொல்வதை நான் ஏற்கிறேன். நல்ல மனிதர் நாற்காலியில் இருப்பது மட்டும் போதாது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அமைச்சர் போனார், சரி. மற்றவர்கள்?

--------

வைகைக்கரை:

முந்த்ரா சிறைக்குப் போனார். அதிகாரிகள் நடத்தையை விசாரிக்க நீதிபதி விவியன் போஸ் தலைமையில் இன்னொரு விசாரணை நடந்தது. எச்.எம்.படேல் அரசுப் பணியை விட்டு வந்து அரசியலில் இறங்கி, 1977-ல் ஜனதா ஆட்சியில் அவரே நிதியமைச்சர் ஆனார். வாழ்க்கை யாரையும் ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதில்லை. தனிமனிதர்களை இப்போது மறுபடி கூண்டில் ஏற்றுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

நிலைத்து நின்ற பலன் வேறு. 1964-ல் பொதுத்துறை நிறுவனங்களுக்கென்றே ஒரு நாடாளுமன்றக் குழு அமைந்தது. அந்த யோசனை முன்பே இருந்ததுதான், ஆனால் முந்த்ராவுக்குப் பிறகு அதை யாராலும் தள்ளிப்போட முடியவில்லை என்பது என் கணிப்பு. பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தின் கணக்கை உறுப்பினர்கள் நேரில் உட்கார வைத்துக் கேட்கலாம்.

2022 மே மாதத்தில் எல்.ஐ.சி.யின் 3.5 சதவீதப் பங்கை அரசு சந்தையில் விற்றது. பங்குதாரர்கள் வந்துவிட்டார்கள், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகள் வந்துவிட்டன. ஆனால் பெரும்பங்கு இன்னும் அரசிடம்தான். 21-ஆவது பிரிவும் இருக்கிறது. இன்ன பங்கை வாங்கு, இன்ன கம்பெனியைத் தாங்கிப்பிடி என்று யாராவது சொல்ல நினைத்தால், எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற கடமை அன்றைக்குப் போலவே இன்றைக்கும் உண்டு.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். எங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதப் போகிறேன். அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 1956-லிருந்து இன்றுவரை எல்.ஐ.சி. சட்டத்தின் 21-ஆவது பிரிவின்கீழ் மத்திய அரசு எழுத்தில் கொடுத்த உத்தரவுகள் எத்தனை, அவற்றின் தேதி என்ன, பொருள் என்ன, நகல்கள் அவையின் மேசையில் வைக்கப்படுமா?

--------

கோப்புக்காரர் (ஓய்வு):

தம்பி, நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். நட்சத்திரம் இல்லாத கேள்வி என்றால் எழுத்தில் ஒரு பதிலைக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்வார்கள், துணைக் கேள்வி கேட்க முடியாது. பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதையும் கடிதத்தில் ஞாபகப்படுத்துங்கள்.

வரைவை இங்கே போடுங்கள். "தகவல்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன" என்று பதில் வந்தால் கேட்க வேண்டிய துணைக் கேள்விகளை நான் எழுதித் தருகிறேன். நீல மைப் பேனா இன்னும் இருக்கிறது.